பொட்டி நல்லாத்தான் இருக்கு, வர்ற சிக்னலப் பாருங்க: டிவி கேள்வி பதில்

ஸ்மார்ட் டிவில ஆப் வழியாத்தான் ஐபிஎல் பாக்கறேன். நெட் 100 எம்பிபிஎஸ். ஆனா பவுலர் ஓடி வர்றதுக்குள்ளயே பக்கத்து வீட்டுல "அவுட்டு"ன்னு கத்திடறாங்க. நெட் பிளான மாத்தணுமா?
- பெரம்பூர் வாசகர்

மாத்தாதீங்க சார், காசு தண்டம். 100 இருந்தாலும் 500 இருந்தாலும் அந்த லேட் அப்படியேதான் இருக்கும், ஏன்னா லேட் ஆகறது உங்க வீட்டு லைன்ல இல்ல, ஆப் வேல செய்யற விதத்துல. கிரவுண்ட்ல இருந்து வர்ற வீடியோவ சின்னச் சின்னத் துண்டா வெட்டறாங்க, ஒரு துண்டு 6 செகண்ட்னு வெச்சுக்கோங்க, அந்த 6 செகண்ட் மைதானத்துல நடந்து முடிஞ்சாதான் துண்டே தயாராகும், அப்புறம் அத மொபைலுக்கு ஒரு குவாலிட்டி பெரிய டிவிக்கு ஒரு குவாலிட்டின்னு பல அளவுல மாத்தி, ஊர் ஊரா இருக்கற சர்வருக்கு அனுப்பி, உங்க டிவி அதுல ரெண்டு மூணு துண்ட முன்கூட்டியே வாங்கி வெச்சுக்கிட்டுதான் முதல் துண்ட ஓட விடும். நடுவுல நெட் திக்குனா படம் நின்னுடக் கூடாதுல்ல, அதுக்குத்தான். எல்லாம் சேந்து அரை நிமிஷம் வரைக்கும் கூட பின்னாடி போயிடும்.

பக்கத்து வீட்டுல கேபிளோ டிஷ்ஷோ இருக்கும், கேட்டுப் பாருங்க. சேட்டலைட் 36,000 கிலோமீட்டர் உயரத்துல இருக்கே, அதுக்கு லேட் ஆகாதான்னு தோணும். ஏறி இறங்க கிட்டத்தட்ட கால் செகண்ட்தான். மைதானத்துல இருந்து ஸ்டுடியோ, அங்க இருந்து சேனல், சேனல்ல இருந்து உங்க மொட்ட மாடின்னு ரெண்டு மூணு தடவ ஏறி இறங்கினாலும், நடுவுல படத்த சுருக்கற வேலையெல்லாம் சேத்தாலும், ஆப் அளவுக்கு லேட் ஆகாது.

பைனல் மாதிரி முக்கியமான மேட்ச்சுக்கு டிஷ்ஷோ கேபிளோ வெச்சுக்கறது நல்லது. ஆப்லதான் பாக்கணும்னா போன்ல ஸ்கோர் நோட்டிபிகேஷன அணச்சு வெச்சுடுங்க, அதுவும் படத்துக்கு முன்னாடியே வந்துரும். இன்னொண்ணு, நடுவுல பாஸ் பண்ணிட்டு திரும்ப ஓட விட்டீங்கன்னா அந்த நேரமும் லேட்டோட சேந்துரும், ஸ்க்ரீன்ல "லைவ்"னு ஒரு பட்டன் இருக்கும், அத ஒரு தட்டு தட்டுனா மறுபடி முன்னாடி வந்துரும்.

55 இன்ச் 4கே டிவி வாங்கினோம். கடைல பாத்தப்ப கண்ண பறிச்சுது. வீட்டுல சீரியல் போட்டா பழைய டிவியே தேவலாம்னு இருக்கு. ஏமாத்திட்டாங்களா?
- பொள்ளாச்சி வாசகி

ஏமாத்தல அக்கா. கடைல ஓடினது டிவி கம்பெனியே எடுத்துக் கொடுத்த 4கே டெமோ வீடியோ. உங்க வீட்டுல வர்றது அநேகமா எஸ்.டி. சேனல், அதாவது பழைய சாதாரணத் தெளிவு. கணக்கப் பாருங்க, எஸ்.டி. படம் 720க்கு 576 புள்ளி, உங்க டிவில 3840க்கு 2160 புள்ளி. நாலு லட்சம் புள்ளில வந்த படத்த எம்பது லட்சத்துக்கு மேல இருக்கற எடத்துல இழுத்து விரிக்குது டிவி, மூஞ்சியெல்லாம் மெழுகு பூசின மாதிரி ஆகாம என்ன செய்யும்? பழைய 21 இன்ச் பொட்டில அதே படம் பளிச்சுனு இருந்துதுன்னா காரணம் அந்த பொட்டி சின்னது, அவ்வளவுதான்.

மொதல்ல செட்டாப் பாக்ஸுக்குப் பின்னாடி எட்டிப் பாருங்க. மஞ்சள், சிவப்பு, வெள்ளைன்னு மூணு கலர் ஒயர் போயிட்டு இருந்தா அத கழட்டிப் போட்டுட்டு எச்டிஎம்ஐ ஒயர் மாட்டச் சொல்லுங்க. 4கே டிவி வாங்கியும் அந்த மஞ்சள் ஒயர்லயே பாக்கற வீடு எவ்வளவோ இருக்கு, மாட்டிட்டுப் போற ஆளும் சொல்றதில்ல, நமக்கும் தெரியறதில்ல, வருத்தமா இருக்கு. அடுத்தது, பாக்ஸே எச்.டி. பாக்ஸான்னு, அதாவது அதவிடத் தெளிவான படம் தர்றதான்னு கேளுங்க. மூணாவது, நீங்க தினமும் பாக்கற ரெண்டு மூணு சேனலுக்கு மட்டும் எச்.டி. எடுங்க, மொத்த பேக்கும் வேணாம். நம்ம ஊர் சேனல்கள் பெரும்பாலும் எச்.டி.யோட நிக்குது, அதனால 4கே-ய முழுசாப் பாக்கணும்னா இப்போதைக்கு ஆப்லதான் பாக்கணும்.

புது டிவில சினிமா பாத்தா சீரியல் மாதிரி இருக்கு. ஆளுங்க வழுக்கிட்டு நடக்கற மாதிரி, செட்டு போட்டது தெரியற மாதிரி. எனக்கு மட்டும்தான் அப்படித் தெரியுதா?
- தஞ்சாவூர் வாசகர்

உங்களுக்கு மட்டும் இல்ல தம்பி, உங்க கண்ணு ரொம்பச் சரியா வேல செய்யுது. சினிமா செகண்டுக்கு 24 படம். கிரிக்கெட்டு, ஸ்டுடியோ நிகழ்ச்சியெல்லாம் நம்ம நாட்டு டிவில செகண்டுக்கு 50 தடவ அசைவு மாறுது. புது டிவிங்க என்ன பண்ணுதுன்னா, 24 படத்துக்கு நடுவுல தானே புதுசா படம் உருவாக்கிச் சொருகி 50, 100ன்னு ஆக்கிடுது. கேமராமேன் எடுக்காத படம் அது! டைரக்டர் ராத்திரி பகலா உக்காந்து லைட் வெச்சு எடுத்த காட்சி சோப்பு போட்டு வழிச்ச மாதிரி வழுக்கும். 2018 டிசம்பர்ல டாம் குரூஸும் டைரக்டர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் சேந்து இத அணைங்கன்னு வீடியோவே போட்டாங்க, அவ்வளவு வயித்தெரிச்சல் சினிமாக்காரங்களுக்கு.

செட்டிங்ஸ்ல பிக்சருக்குள்ள போங்க. எல்ஜில ட்ரூமோஷன், சோனில மோஷன்புளோ, சாம்சங்ல பிக்சர் கிளாரிட்டி, ஒவ்வொருத்தரும் ஒரு பேரு வெச்சிருக்காங்க, அத ஆஃப் பண்ணுங்க. 2019க்கு அப்புறம் வந்த பல டிவில பிலிம்மேக்கர் மோடுன்னே ஒண்ணு இருக்கு, அதப் போட்டா இந்த வேலையெல்லாம் ஒரே அமுக்குல நின்னுடும். கிரிக்கெட்டுக்கு "ஸ்போர்ட்ஸ் மோடு"ன்னு வர்றதையும் நான் போட மாட்டேன், புல்லு பச்சை பெயிண்ட் அடிச்ச மாதிரி ஆயிடுது, சேப்பாக்கம் பிட்ச் காய்ஞ்சு பழுப்பா இருக்கறது தெரிஞ்சாத்தானே ஸ்பின்னர எப்ப கொண்டு வருவாங்கன்னு நாம வீட்டுல உக்காந்து யோசிக்க முடியும்!

டிடி ஸ்போர்ட்ஸ்ல மேட்ச் காட்டறாங்கன்னு விளம்பரம் வருது. எங்க வீட்டு கேபிள்ல அதே டிடி ஸ்போர்ட்ஸ் இருக்கு, ஆனா மேட்ச் நேரத்துல வேற ஏதோ ஓடுது. கேபிள்காரர் தெரியாதுங்கறார்.
- ராஜபாளையம் வாசகர்

இந்தக் கேள்விக்காகத்தான் காத்துட்டு இருந்தேன், கொஞ்சம் நீளமா சொல்றேன், பொறுத்துக்கோங்க.

1993 நவம்பர்ல ஹீரோ கப் நடந்துச்சு. பெங்கால் கிரிக்கெட் சங்கம் ஒளிபரப்பு உரிமைய ஒரு வெளிநாட்டு கம்பெனிக்கு கொடுத்துச்சு, நாட்டுக்குள்ள ஒளிபரப்பற உரிமை எங்களுக்குத்தான்னு தூர்தர்ஷன் நின்னுது, அந்தக் கம்பெனியோட ஒளிபரப்புக் கருவிங்கள கஸ்டம்ஸ்ல நிறுத்தி வெச்சாங்க, விஷயம் கோர்ட்டுக்குப் போச்சு. அந்த டோர்னமெண்ட் செமி பைனல்லதான் கல்கத்தாவுல தென்னாப்பிரிக்காவுக்கு கடைசி ஓவர்ல 6 ரன் வேணும்ங்கறப்ப சச்சின் பந்து போட வந்து 3 ரன் மட்டும் கொடுத்து ஜெயிக்க வெச்சார், பாத்தவங்க யாரும் மறக்க மாட்டாங்க. வழக்கு 1995 பிப்ரவரில முடிஞ்சுது. அலைவரிசை பொதுமக்கள் சொத்து, அது அரசாங்கத்தோட ஏகபோகமும் இல்ல, தனியார் ஏகபோகமும் ஆகக் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு. எனக்குப் பிடிச்ச தீர்ப்பு அது.

அப்புறம் சேட்டலைட் சேனல்ங்க கோடி கோடியா கொட்டி உரிமை வாங்க ஆரம்பிச்சதும், காசு கட்டாத வீட்டுல மேட்ச்சே தெரியாம போச்சு. அதுக்காக 2007ல ஒரு சட்டம் வந்துச்சு. இந்தியா ஆடற ஒருநாள், டி20, உலகக்கோப்பை செமி பைனல், பைனல், ஒலிம்பிக்ஸ்னு ஒரு பட்டியல் போட்டு, அதையெல்லாம் யார் உரிமை வாங்கியிருந்தாலும் தூர்தர்ஷன நடத்தற பிரசார் பாரதிக்கு சிக்னல் கொடுத்தே ஆகணும், விளம்பர வருமானத்துல உரிமை வெச்சிருக்கறவங்களுக்கு குறைஞ்சது 75, பிரசார் பாரதிக்கு 25ன்னு பங்கு. அங்கதான் சிக்கல். கேபிள்லயும் தனியார் டிஷ்லயும் தூர்தர்ஷன் சேனல் கட்டாயம் இருக்கணும்னு வேற சட்டம் இருக்கா, அதனால மேட்ச் எல்லார் வீட்டுக்கும் ஓசில போயிடுது, நாங்க எதுக்கு காசு கொடுத்து வாங்கறோம்னு சேனல்ங்க கேஸ் போட்டாங்க. 2017 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட் அவங்க பக்கம் தீர்ப்பு கொடுத்துச்சு. அந்த சிக்னல் தூர்தர்ஷனோட சொந்த டவர்லயும் டிடி ப்ரீ டிஷ்லயும் மட்டும்தான் போகலாம், கேபிளுக்குப் போகக் கூடாது. உங்க கேபிள்ல மேட்ச் நேரத்துல வேற ஓடறது இதனாலதான், கேபிள்காரர் மேல தப்பில்ல.

வழி என்னன்னா டிடி ப்ரீ டிஷ். 2004 டிசம்பர்ல ஆரம்பிச்சது, மாச வாடகையே கிடையாது, ஒரு தடவ டிஷ்ஷும் பாக்ஸும் வாங்கி மாட்டினாப் போதும். தமிழ் தனியார் சேனல்ங்க அதுல ரொம்பக் கம்மி, அதனால நம்ம ஊர்ல பல பேருக்கு அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியல. ஆனா மேட்ச்சுக்காக மட்டும் ரெண்டாவது கனெக்‌ஷனா வெச்சுக்கலாம். என் அபிப்ராயம், நாட்டுக்காக ஆடற ஆட்டத்த அந்த நாட்டுல இருக்கற எல்லாரும் காசில்லாம பாக்கணும், அதுல எனக்கு ரெண்டு கருத்து இல்ல. வியாபாரம் பண்ணட்டும், ஐபிஎல் இருக்கு, 2023ல இருந்து 2027 வரைக்கும் அதோட உரிமையே 48,390 கோடிக்குப் போயிருக்கு. இந்தியா ஆடற மேட்ச்ச விட்டு வெக்கலாமே.

மழை வந்தா எங்க டிஷ் படுத்துடுது, எதிர் வீட்டு கேபிள் ஓடுது. ஏன்?
- நாகர்கோவில் வாசகி

உங்க வீட்டுக்கு வர்றது கே.யூ. பேண்ட் அலை, மழைத்துளி அத நல்லா உறிஞ்சிடும். கேபிள்காரங்க வெச்சிருக்கற பெரிய குடை பெரும்பாலும் சி பேண்ட், அது மழைய அவ்வளவா கண்டுக்காது. லேசான தூறலுக்கே போகுதுன்னா உங்க டிஷ் கொஞ்சம் திரும்பியிருக்கும், ஆள் விட்டு சரி பண்ணுங்க. மார்ச்லயும் செப்டம்பர் அக்டோபர்லயும் நல்ல வெயில்ல தினமும் ஒரே நேரத்துல சில நிமிஷம் போச்சுன்னா பயப்படாதீங்க, சூரியன் சரியா சேட்டலைட்டுக்குப் பின்னாடி வர்ற சமயம் அது.

அம்பயர்ஸ் கால்னு ஒண்ணு வெச்சு கழுத்தறுக்கறாங்க. பந்து ஸ்டம்ப்ல படுதுன்னு படத்துலயே தெரியுது, அப்புறம் என்ன நாட் அவுட்?
- மதுரை வாசகர்

உங்க கோவம் புரியுது அண்ணே, ஆனா இதுல நான் அம்பயர்ஸ் கால் கட்சி. எல்பிடபிள்யூ ரிவ்யூல பந்து போற பாதைன்னு டிவில காட்டற அந்தக் கோட்ட ரெண்டா பிரிச்சுப் பாருங்க. பந்து பவுலர் கைய விட்டுக் கிளம்பினதுல இருந்து பேடுல படற வரைக்கும் உண்மையா நடந்தது, மைதானத்த சுத்தி இருக்கற வேகமான கேமராங்க எடுத்தது. பேடுக்குப் பின்னாடி ஸ்டம்ப் வரைக்கும் போற கோடு நடக்கவே இல்ல. அது கணக்கு. பந்து பிட்ச் ஆகி உடனே பேடுல பட்டிருந்தா கம்ப்யூட்டருக்குப் பாக்கக் கெடச்ச தூரமே துளியூண்டு, அத வெச்சு மிச்சத்த சொல்லுது. அதனாலதான் பந்துல பாதியாவது ஸ்டம்ப் மேல பட்டாத்தான் அம்பயர் கொடுத்த நாட் அவுட்ட மாத்தலாம், அதுக்குக் கீழன்னா அவர் சொன்னது நிக்கும்னு வெச்சிருக்காங்க.

இந்தக் கோட்ட போடற ஹாக் ஐ மொதல்ல வந்தது 2001ல, லார்ட்ஸ்ல இங்கிலாந்து பாகிஸ்தான் டெஸ்ட்டுக்கு, அப்ப அது டிவி பாக்கறவங்களுக்காக மட்டும்தான், தீர்ப்புக்கு இல்ல. அம்பயர் தீர்ப்ப ஆடறவங்க மறுபடி பாக்கச் சொல்ற ரிவ்யூ முறைய 2008ல இந்தியா ஸ்ரீலங்கா போனப்ப சோதிச்சுப் பாத்தாங்க, நமக்கு அது சுத்தமா ஒத்து வரல, அதுக்கப்புறம் ரெண்டு நாட்டுத் தொடர்கள்ல நம்ம போர்டு ரொம்ப வருஷம் வேணாம்னே நின்னு 2016ல இங்கிலாந்து வந்தப்பதான் ஒத்துக்கிட்டாங்க. டிவில வர்ற படம் அவ்வளவு சுத்தமா, கலர் கலரா இருக்கறதால அது நிஜம்னு நம்பிடறோம். அந்தக் கோடு பேடத் தாண்டினதும் வேற கலர்லயோ புள்ளி புள்ளியாவோ காட்டினாங்கன்னா இந்தச் சண்டைல பாதி ஓஞ்சிடும், ஒளிபரப்பறவங்க செஞ்சா நல்லாருக்கும்.

சமீபத்துல உங்கள அசர வெச்ச ஒளிபரப்பு எது?
- கரூர் வாசகி

2025 நவம்பர் 2, பெண்கள் உலகக்கோப்பை பைனல். மழையால லேட்டா ஆரம்பிச்சு நடுராத்திரி வரைக்கும் போச்சு, நவி மும்பைல. நாம 298, தென்னாப்பிரிக்கா கேப்டன் லாரா வோல்வார்ட் 100 தாண்டி நின்னு ஆடிட்டு இருக்காங்க, அவங்க இருக்கற வரைக்கும் மேட்ச் நம்ம கைல இல்ல. தீப்தி ஷர்மா போட்ட பந்த வோல்வார்ட் தூக்கி அடிச்சாங்க, அமன்ஜோத் கவுர் ஓடி வந்து பிடிக்கப் போனா பந்து கைல பட்டு எகிறுது, திரும்பப் பிடிக்கறாங்க, திரும்ப எகிறுது, மூணாவது தடவ விழுந்துக்கிட்டே பிடிச்சாங்க. எனக்கு உசுரே போயி வந்துச்சு. தீப்திக்கு 5 விக்கெட், 52 ரன்ல ஜெயிச்சோம்.

இத சொல்றதுக்கு ஒரு காரணம் இருக்கு. 1977ல ஆஸ்திரேலியாவுல கெர்ரி பேக்கர் தன்னோட சேனலுக்காக தனியா ஒரு கிரிக்கெட்டே நடத்தினார், அதுக்கு முன்னாடி வரைக்கும் கேமரா மைதானத்துல ஒரு பக்கம்தான் இருக்கும், ஒரு ஓவர் விட்டு ஒரு ஓவர் நமக்குத் தெரியறது முதுகுதான். அவர் ரெண்டு முனையிலயும் கேமரா வெச்சார். அதுக்கப்புறம் ஸ்டம்புக்குள்ள கேமரா, ஸ்டம்ப் மைக், தலைக்கு மேல கயித்துல ஓடற கேமரான்னு என்னென்னமோ வந்துடுச்சு. பெண்கள் ஆட்டத்துக்கு பல காலம் இதெல்லாம் அரகொறையாத்தான் கெடச்சுது, கேமராவே கம்மி, ரீப்ளே கம்மி, பாதி மேட்ச் டிவிலயே வராது. அந்த கேட்ச்ச பத்து வயசுப் பொண்ணு ஒருத்தி பெரிய ஸ்க்ரீன்ல ஸ்லோ மோஷன்ல பாக்கறான்னா அவளுக்கும் பேட் எடுக்கத் தோணும். ஆண்கள் மேட்ச்சுக்கு என்ன கருவி வருதோ அதே கருவி அவங்களுக்கும் வரணும்.

தமிழ் கமெண்ட்ரி பிடிக்குமா, இங்கிலீஷா?
- வேலூர் வாசகர்

தமிழ்தான். 2017ல ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் வந்ததுக்கு அப்புறம் எங்க வீட்டுல பெரியவங்க கூட உக்காந்து பாக்கறாங்க, அது சாதாரண விஷயம் இல்ல. ஆனா ஒரு மனக்குறை. ரேடியோல அப்துல் ஜப்பார் வர்ணனை சொன்ன காலத்துல பீல்டர் எங்க நிக்கறார், காத்து எந்தப் பக்கம் அடிக்குது, கூட்டம் எப்படி இருக்குன்னு சொல்லிக்கிட்டே வருவார், கண்ண மூடினா சேப்பாக்கம் தெரியும். டிவில படம் இருக்கு, சரி, ஆனா படத்துல தெரியாதது எவ்வளவோ இருக்கே! லெக் ஸ்லிப்ப எப்ப எடுத்தாங்க, கீப்பர் ஏன் முன்னாடி வந்தார், இதச் சொல்லுங்க. ஸ்ரீகாந்த் சார் பேசறப்ப அந்த உற்சாகம் நமக்கும் ஒட்டிக்கும், பத்ரிநாத் பேட்டிங் நுணுக்கம் சொல்றப்ப கத்துக்க முடியுது. நாலு பேர் சேந்து அரட்டையா போயிட்டு, பந்து போட்டதையே கவனிக்காம விடறப்பதான் சவுண்ட கொறைக்கத் தோணுது.

எங்க தெருவுல ஒருத்தர் வீட்டுல கூட டிஆர்பி மீட்டர் இல்ல. அப்ப எந்த சீரியல் முதலிடம்னு யாரக் கேட்டு சொல்றாங்க? நான் பாக்கற சீரியல அவசரமா முடிச்சிட்டாங்க.
- சேலம் வாசகி

எந்த சேனல எவ்வளவு பேர் பாக்கறாங்கன்னு சொல்றதுதான் டிஆர்பி, 2015ல இருந்து பார்க் (BARC)னு ஒரு அமைப்பு இத அளக்குது. நாடு முழுக்க தேர்ந்தெடுத்த பல ஆயிரம் வீடுகள்லதான் மீட்டர், எந்த வீடுன்னு வெளிய சொல்ல மாட்டாங்க, சொன்னா அந்த வீட்டுக்கே ஆள் அனுப்பி எங்க சேனலப் போடுங்கன்னு கேப்பாங்களே. ஒவ்வொரு சேனலும் தன்னோட சத்தத்துக்குள்ள நம்ம காதுக்குக் கேக்காத ஒரு அடையாளத்த கலந்து அனுப்புது, மீட்டர் அத கேட்டு எந்த சேனல்னு கண்டுபிடிக்கும். வீட்டுல யார் பாக்கறாங்கன்னு அவங்கவங்க பட்டன் அமுக்கணும். வாரா வாரம் வியாழக்கிழமை கணக்கு வரும். 2020ல மும்பைல முறைகேடு புகார் வந்து நியூஸ் சேனல் ரேட்டிங்க ரொம்ப நாள் நிறுத்தியே வெச்சிருந்தாங்க.

நீங்க ஆப்ல பாக்கற பார்வை இந்தக் கணக்குல வராது. வேலைக்குப் போயிட்டு வந்து ராத்திரி பத்து மணிக்கு மொபைல்ல சீரியல் பாக்கற பொண்ணுங்க எத்தன பேர், அவங்களுக்குப் பிடிச்ச கதைய டிவி ரேட்டிங் மட்டும் பாத்து முடிச்சா அது நியாயமே இல்ல. நல்ல கதைக்கு அவகாசம் வேணும். மெட்டி ஒலி, கோலங்கள்லாம் வருஷக்கணக்கா ஓடினப்ப அந்தக் குடும்பம் நம்ம தெருவுல குடியிருக்கற மாதிரியே ஆச்சு, ஆறே மாசத்துல கதைய வளைச்சு முறுக்கினா அந்த ஒட்டுதல் எப்படி வரும்?

பேக்ரவுண்ட் மியூசிக் காத கிழிக்குது, வசனம் மட்டும் கேக்கவே மாட்டேங்குது. அம்மாவுக்கு 70 வயசு, மூணு ரிமோட்ட வெச்சுக்கிட்டு திண்டாடறாங்க.
- திருச்சி வாசகர்

மெல்லிசு டிவிங்கள்ல ஸ்பீக்கர் கீழ பாத்தோ பின்னாடி பாத்தோ இருக்கும், சத்தம் சுவத்துல மோதி வரும், மொதல்ல அடிபடறது வசனம்தான். சவுண்ட் செட்டிங்ஸ்ல கிளியர் வாய்ஸ், ஸ்பீச், ஸ்டாண்டர்டுன்னு ஏதாவது இருக்கும், பேச்சுக்குன்னு இருக்கறதப் போடுங்க, "சினிமா", "சரவுண்ட்" வேணாம். பாக்ஸ்ல ஆடியோ 5.1 அல்லது டால்பின்னு இருந்தா ஸ்டீரியோவுக்கு மாத்துங்க. அப்பவும் சரி வரலன்னா சின்னதா ஒரு சவுண்ட்பார் டிவிக்குக் கீழ, அம்மா உக்கார்ற பக்கம் பாத்து வெச்சாப் போதும்.

ரிமோட்டுக்கு, செட்டிங்ஸ்ல எச்டிஎம்ஐ சிஇசின்னு தேடுங்க, ஒவ்வொரு கம்பெனியும் வேற பேரு வெச்சிருக்கும், அத ஆன் பண்ணா பல பாக்ஸுங்க டிவி ரிமோட்டுக்கே கேக்கும். டிவி போட்ட உடனே ஆப் பக்கத்துக்குப் போகாம கடைசியா பாத்த சேனலுக்கே வர்ற மாதிரியும் வெக்கலாம். அப்புறம் அம்மா பாக்கற நாலு சேனல பேவரிட்ல சேத்துக் கொடுத்துடுங்க.

அடுத்த இதழுக்கு எழுதறவங்க டிவி மாடல், கேபிளா டிஷ்ஷா ஆப்பா, பாக்ஸ்ல இருந்து எந்த ஒயர் போகுதுங்கற மூணையும் சேத்து எழுதுங்க, அப்பதான் என்னால நேரா பதில் சொல்ல முடியும்.